நான்கு இலையும் ஓர் ஆடும்

மொழிபெயர்ப்பு வேலையில் பெரிய சொற்கள் அவ்வளவாகத் தொல்லை தருவதில்லை. 'உலகமயமாதல்' போன்றவற்றுக்கு எப்படியோ ஒரு தமிழ் கிடைத்துவிடுகிறது. மாட்டிக்கொள்வது சின்னச் சொற்களிடம்தான். அண்மையில் என்னிடம் மொழிபெயர்ப்புக்கு வந்தது ஒரு பக்கச் செய்தி. அமெரிக்கக் கிராமப்புறக் கவுன்டி ஒன்றின் இளைஞர் மன்றத்தினுடைய ஆண்டறிக்கை. பன்னிரண்டு வயதுப் பையன் வளர்த்த செம்மறிக்கு நீல ரிப்பன். ஒரு சிறுமி போட்ட பீச் பழ ஜாமுக்குச் சிவப்பு ரிப்பன். முயல் வளர்த்தவனின் கணக்குப் புத்தகத்துக்குப் பாராட்டு. ஏழைகளுக்காக உணவு டின்கள் திரட்டியது. முதியோர் இல்லத்துக்குப் போய்வந்தது. மன்றத்தின் பொருளாளர் படித்த வரவு செலவு. பொருளாளருக்கு வயது பதினொன்று.

படிக்கப் படிக்கச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றது. நம் ஊர்களில் 'மன்றம்' என்றால் எதை நினைத்துக்கொள்கிறோம்? சுவரொட்டி, கட் அவுட், கேரம் போர்டு, பொங்கலுக்கு உறியடி, தலைவர் பதவிக்கு இரண்டு கோஷ்டி. முயலுக்குப் போட்ட தீனியை எடைபோட்டு எழுதிவைக்கும் மன்றத்தை நான் பார்த்ததில்லை.

அறிக்கையில் இருந்த மன்றம் '4-ஹெச்' வகையைச் சேர்ந்தது. ஹெட், ஹார்ட், ஹேண்ட்ஸ், ஹெல்த். தலை, இதயம், கை, ஆரோக்கியம். நான்கு இலை கொண்ட பச்சை நிறக் குளோவர் செடிதான் சின்னம், இலைக்கொரு எழுத்து. ஆங்கிலத்தில் நான்கும் ஒரே எழுத்தில் தொடங்குவதால் முத்திரை பொருந்திவிட்டது. மோனைக்குப் பெயர்போன தமிழில் அது பொருந்தவில்லை. அதுகூடப் பரவாயில்லை. இரண்டாவது சொல்லில்தான் உண்மையான சிக்கல். 'ஹார்ட்' என்பதை இதயம் என்பதா, மனம் என்பதா, உள்ளம் என்பதா? இந்தக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன்.

இந்த மன்றங்களின் பிறப்புக்கு ஒரு தேதி சொல்வதென்றால் 1902 ஜனவரியைச் சொல்வார்கள். இடம், ஒஹையோ மாநிலத்தின் கிளார்க் கவுன்டி. ஆல்பர்ட் கிரஹாம் என்ற பள்ளிக் கண்காணிப்பாளர், ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் கவுன்டி கட்டடத்தின் நிலவறையில் கிராமத்துப் பிள்ளைகளைக் கூட்டினார். சனிக்கிழமைகளில் கூட்டம். மக்காச்சோளம் வளர்க்க வேண்டும். காய்கறி போட வேண்டும். வீட்டு நிலத்து மண்ணைக் கொண்டுவந்து லிட்மஸ் தாளில் சோதித்து, அது புளித்த மண்ணா இல்லையா என்று தெரிந்துகொள்ள வேண்டும். பள்ளிப் புத்தகத்தில் நகரத்துப் பிழைப்பே இருக்கிறது, பிள்ளையின் வீட்டுக் கொல்லை அதில் இல்லை என்ற ஆதங்கம் அந்தக் காலத்துக் கிராமப்புற ஆசிரியர்கள் பலரிடம் இருந்தது. ஏறக்குறைய அதே நேரத்தில் மினசோட்டாவில், அயோவாவில், தெற்கே மிசிசிப்பியில் என்று ஒருவரையொருவர் அறியாமலே பலர் இதே காரியத்தைத் தொடங்கியிருந்தார்கள்.

இதற்குப் பின்னால் ஒரு தந்திரமும் இருந்தது. பல்கலைக்கழகங்களில் ஆராய்ச்சியாளர்கள் புதிய விதையும் புதிய முறையும் கண்டுபிடித்துவைத்திருந்தார்கள். விவசாயிகள் கேட்பதாக இல்லை. 'படித்தவன் சொல்லி நான் உழுவதா?' என்ற கேள்வி எல்லா நாட்டுக்கும் பொது. அப்பா கேட்க மாட்டார்; மகன் கேட்பான். மகனுக்கு ஒரு ஏக்கர் கொடு, அவன் செய்து காட்டட்டும், வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அப்பா பார்க்கட்டும் என்பதுதான் கணக்கு.

கணக்கு பலித்தது. 1910இல் தென் கரோலினாவில் ஜெர்ரி மூர் என்ற பதினைந்து வயதுப் பையன் ஒரே ஏக்கரில் 228¾ புஷல் மக்காச்சோளம் எடுத்ததாகப் பதிவாயிற்று. ஒரு புஷல் சுமார் 25 கிலோ. அன்றைய அமெரிக்காவின் சராசரி விளைச்சல் ஏக்கருக்கு 30 புஷலைக்கூட எட்டியிருக்கவில்லை. இப்படி ஒரு பையன் ஊரில் இருந்தால் எந்த அப்பாதான் சும்மா இருப்பார்?

அதே ஆண்டு, அதே மாநிலத்தில், எய்க்கன் கவுன்டியில் மேரி குரோமர் என்ற பள்ளி ஆசிரியை பெண்பிள்ளைகளுக்காகத் தக்காளி மன்றம் தொடங்கினார். ஆளுக்கு ஏக்கரில் பத்தில் ஒரு பங்கு. நம் கணக்கில் துல்லியமாகப் பத்து சென்ட். விதைப்பது, களை எடுப்பது, பறிப்பது, டின்னில் அடைப்பது, விற்பது எல்லாம் அவர்களே. முதலிடம் பெறும் பெண்ணுக்குக் கல்லூரியில் படிக்க உதவித்தொகை. இதைச் சமையல் வகுப்பு என்று எடுத்துக்கொண்டால் தவறு. அந்தக் காலத்துப் பண்ணை வீட்டுப் பெண்ணுக்குச் சொந்தமாகக் காசு என்று ஒன்று கையில் வருவது லேசான விஷயம் அல்ல. அமெரிக்கப் பெண்களுக்கு நாடு முழுவதும் வாக்குரிமை கிடைத்தது 1920இல்தான். அதற்குப் பத்து வருஷம் முன்பே பத்து சென்ட் நிலத்துக்கு வரவு செலவு எழுதிய பெண்கள் இருந்தார்கள்.

இதுவரை வந்தது ஆர்வலர்களின் கதை. ஆர்வலர்களின் கதைகள் பொதுவாக ஆர்வலரோடு முடிந்துவிடும். இது முடியாமல் போனதற்குக் காரணம் 1914இல் வந்த ஸ்மித்-லீவர் சட்டம். வேளாண் கல்லூரிகளின் அறிவைக் கிராமத்துக்குக் கொண்டுபோகும் விரிவாக்கப் பணிக்கு மத்திய அரசும் மாநிலமும் உள்ளூர் கவுன்டியும் சேர்ந்து பணம் கொடுக்க அது வழி செய்தது. கவுன்டிக்கு ஒரு விரிவாக்க அலுவலர். அவரிடம் பல்கலைக்கழகத்தின் அறிவு இருக்கும். மன்றங்களை நடத்துவதோ ஊதியம் வாங்காத உள்ளூர்ப் பெரியவர்கள். ஒருவர் தச்சர், ஒருவர் செவிலி, ஒருவர் பால்பண்ணைக்காரர். கவுன்டியும் தன் கையிலிருந்து பணம் போடுவதால் 'இது நம்முடையது' என்ற எண்ணம் தங்கிவிட்டது. மேலிருந்து மட்டும் பணம் வந்திருந்தால் ஊர்க்காரர்கள் பெயர்ப்பலகையை வேடிக்கை பார்த்திருப்பார்கள்.

நூறாண்டு கடந்தும் நடைமுறை பெரிதாக மாறவில்லை. எட்டு வயதிலிருந்து பதினெட்டு வரை பிள்ளைகள் சேரலாம். ஆளுக்கு ஒரு திட்டம். கன்றுக்குட்டியாக இருக்கலாம், தையலாக இருக்கலாம், இன்றைக்கு ரோபோவாகவும் இருக்கலாம். திட்டத்தோடு ஒரு பதிவேடு கட்டாயம். என்ன வாங்கினேன், என்ன விலை, என்ன தவறு செய்தேன், அடுத்த தடவை எப்படிச் செய்வேன். தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாரும் பிள்ளைகளே. தீர்மானம் முன்மொழிவது, வழிமொழிவது, வாக்கெடுப்பது எல்லாம் முறைப்படி நடக்கும். எல்லார் முன்னிலையிலும் எழுந்து நின்று தன் வேலையை விளக்கிப் பேசவும் வேண்டும். ஆண்டின் உச்சம் கவுன்டி கண்காட்சி. அங்கே பல இடங்களில் கடைப்பிடிக்கும் ஒரு வழக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. பிள்ளைகளை ஒருவரோடொருவர் ஒப்பிட்டு மதிப்பிடுவதில்லை. ஒரு தரத்தை வைத்துக்கொண்டு அதனோடு ஒப்பிடுகிறார்கள். சிறப்பாக இருந்தால் நீலம், நன்றாக இருந்தால் சிவப்பு, இன்னும் உழைக்க வேண்டுமென்றால் வெள்ளை. பத்துப் பேரும் சிறப்பாகச் செய்தால் பத்து நீல ரிப்பன். ரேங்க் அட்டையைப் பார்த்தே வளர்ந்த நமக்கு இது ஜீரணமாகக் கொஞ்சம் நேரமாகும்.

இன்று சுமார் 60 லட்சம் பிள்ளைகள் இதில் இருக்கிறார்கள். பலர் நகரத்துக்காரர்கள். டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் லெர்னர் குழு 2002இல் தொடங்கி 42 மாநிலங்களில் சுமார் 7,000 இளையோரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து ஆராய்ந்தது. 4-ஹெச் பிள்ளைகள் ஊருக்கு உழைப்பதில் மற்றவர்களைவிட வெகுவாக முன்னால் இருக்கிறார்கள் என்றது. இதில் ஒரு சந்தேகமும் எழாமல் இல்லை. பிள்ளையைச் சனிக்கிழமைதோறும் கூட்டத்துக்கு அழைத்துப்போகும் பெற்றோர், மன்றமே இல்லாவிட்டாலும் நல்ல பிள்ளையைத்தான் வளர்த்திருப்பார்களோ?

பெருமைகளோடு நிறுத்திக்கொண்டால் அது ஆண்டுவிழா மலர் ஆகிவிடும். தென் மாநிலங்களில் 1960கள் வரை கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனி மன்றங்கள், தனி அலுவலர்கள், தனி முகாம்கள். அதே நான்கு இலை, அதே உறுதிமொழி. ஆனால் வெள்ளைப் பிள்ளையின் பக்கத்தில் அமர இடமில்லை. 1964இன் குடிமை உரிமைகள் சட்டம் வந்த பிறகே அந்தச் சுவர் இடியத் தொடங்கியது. நிறம் பார்த்துப் பந்தி வைத்த காலத்திலும் இதயத்தின் பெயரால்தான் உறுதிமொழி எடுத்துக்கொண்டார்கள்.

இன்னொரு சங்கடம் இன்றும் தீரவில்லை. கண்காட்சியின் கடைசி நாள் ஏலம். பிள்ளை தீனி வைத்துக் குளிப்பாட்டிப் பெயர் சூட்டி வளர்த்த ஆடோ பன்றியோ கன்றோ அன்று இறைச்சிக்கு விலைபோகும். அந்தத் தொகை பெரும்பாலும் படிப்புச் செலவுக்கு. ஏலத் திடலில் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழும் பிள்ளைகள் ஆண்டுதோறும் உண்டு. சோறு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்து வளரட்டும் என்பார்கள் பெரியவர்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. நம் கிராமத்து வீடுகளில் நேர்ந்துவிட்ட கிடாவுக்காக அழாத பிள்ளை யார்?

2022இல் கலிபோர்னியாவின் ஷாஸ்டா மாவட்டக் கண்காட்சியில், 4-ஹெச்சில் சேர்ந்து ஆடு வளர்த்த ஒன்பது வயதுச் சிறுமி, ஏலம் நெருங்கியபோது மனம் மாறினாள். ஆட்டைத் தர மாட்டேன் என்றாள். விதிப்படி திரும்பப் பெற முடியாது. ஆடு 902 டாலருக்கு ஏலம் போயிற்று. அதில் கண்காட்சியின் பங்கு 63 டாலர் சொச்சம். தாய் அன்றிரவே ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். நஷ்டத்தைத் தந்துவிடுகிறேன் என்று எழுதினார். ஏலம் எடுத்தவர் தரப்பும் விட்டுக்கொடுக்கச் சம்மதித்தது. நிர்வாகம் சம்மதிக்கவில்லை. விதிவிலக்கு அளித்தால் மற்றப் பிள்ளைகளுக்குத் தவறான பாடம் என்றது. ஷெரிஃபின் ஆட்கள் போக வர 500 மைலுக்கும் மேல் பயணம் செய்து, தொலைவில் ஒரு பண்ணையிலிருந்த ஆட்டைக் கைப்பற்றினார்கள். ஆடு வெட்டப்பட்டது. குடும்பம் வழக்குப் போட்டது. 2024 நவம்பரில் மூன்று லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது கவுன்டி தரப்பு. 63 டாலருக்காகத் தொடங்கிய பாடம்.

விதிக்குக் கட்டுப்படு என்பது தலை சொல்வது. சொன்ன சொல்லை மீறக் கூடாதுதான். ஆனால் இந்த மன்றங்களின் உறுதிமொழியில் இதயத்துக்கு ஒதுக்கியிருக்கும் வேலை விசுவாசம். அந்தச் சிறுமி ஒரு வகையில் அதைத்தானே காட்டினாள்? ஒன்பது வயதுப் பிள்ளை உறுதிமொழியின் ஒரு சொல்லை மற்றச் சொற்களைவிடப் பெரிதாக எடுத்துக்கொண்டது. பெரியவர்களிடம் அதற்கு விடை இல்லை. கைது உத்தரவுபோல ஓர் ஆட்டு உத்தரவுதான் இருந்தது.

இந்தக் கதைக்கும் நமக்கும் தொடர்பு இல்லாமல் இல்லை. கிரஹாமை 1905இல் விரிவாக்கப் பணிக்கு அழைத்துக்கொண்டது ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகம். அதே பல்கலைக்கழகம்தான் பிற்பாடு லூதியானாவின் பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகத்தை வளர்க்கத் துணை நின்றது. 1952 அக்டோபர் 2 அன்று தொடங்கிய நம் சமுதாய வளர்ச்சித் திட்டத்திலும் விரிவாக்கம் என்ற சொல் மையமாக இருந்தது. விதை வந்தது, உரம் வந்தது, ஆராய்ச்சிப் பண்ணை வந்தது, வட்டார வளர்ச்சி அலுவலர் வந்தார். 1972இல் நேரு யுவ கேந்திராக்களும் வந்தன. வராமல் போனது அந்தப் பதினொரு வயதுப் பொருளாளர். நம் இளைஞர் மன்றங்களில் விளையாட்டுச் சாமான் இருக்கும், ரத்ததான முகாம் நடக்கும். ஆனால் ஒரு பிள்ளையின் கையில் ஓர் உயிரையும் ஒரு கணக்குப் புத்தகத்தையும் கொடுத்து, 'இது உன் பொறுப்பு, தவறினால் எழுதிவை' என்று சொல்லும் துணிச்சல் நமக்கு வரவில்லை. விவசாயி மகன் விவசாயத்தைக் கற்றுக்கொள்ளாமல் இருப்பதையே முன்னேற்றம் என்று கருதுகிறவர்கள் நாம்.

மொழிபெயர்ப்பை முடித்துக் கொடுத்துவிட்டேன். 'ஹார்ட்' என்பதற்கு முதலில் இதயம் என்று எழுதினேன். அது டாக்டருடைய சொல். மனம் என்று மாற்றினேன். அதில் தலையின் வேலையும் கொஞ்சம் கலந்துவிடுகிறது. கடைசியில் 'நெஞ்சு' என்று போட்டேன். தமிழில் நெஞ்சுக்கு உரமும் உண்டு, ஈரமும் உண்டு. ஆட்டை வளர்க்க முதலாவது வேண்டும். அதைக் கொடுக்க மாட்டேன் என்று சொல்ல இரண்டும் வேண்டும்.