டவுன்ஹாலில் ஒரு பயிற்சிக்காலம்

கோவைக்குப் பட்டறைப் படிப்பு புதிதல்ல. பீளமேட்டில் பி.எஸ்.ஜி. தொழிற்கூடம் வந்தது 1926-இல். பொறியியல் கல்லூரி 1951-இல்தான். வகுப்பையும் பட்டறையையும் மாற்றி மாற்றிக் கற்றுத்தரும் ‘சாண்ட்விச்’ படிப்பு அங்கே இன்றும் இருக்கிறது. அந்தக் கல்லூரிக்கும் முன்பே, 1945-இல், இப்போது ஜி.சி.டி. (அரசு தொழில்நுட்பக் கல்லூரி) என்று நாம் அழைக்கும் கல்லூரிக்கு முதல்வராக இருந்த ஜி.டி. நாயுடு, நான்கு வருடப் படிப்பு பிள்ளைகளின் காலத்தை வீணாக்குகிறது, இரண்டு வருடம் போதும் என்று வாதாடினார். அரசு இசையவில்லை. பதவியை விட்டு விலகினார்.

லேத்திலும் பம்புசெட்டிலும் இப்படிக் கைபழகிய ஊர், ஊரை நடத்தும் வேலையில் மட்டும் ஏன் பிள்ளைகளைப் பழக்காமல் விட்டது?

வழி இல்லாமல் இல்லை. 2020 ஜூன் 4-ஆம் தேதி ‘துலிப்’ என்ற திட்டத்தை மத்திய அரசு தொடங்கியது. பட்டப்படிப்பு முடித்து பதினெட்டு மாதங்களுக்குள் இருப்பவர்கள் மாநகராட்சி, நகராட்சி, ஸ்மார்ட் சிட்டி நிறுவனங்களில் எட்டு வாரம் முதல் ஒரு வருடம் வரை பயிற்சி பெறலாம். ஸ்மார்ட் சிட்டிகளின் முதல் பட்டியலிலேயே இடம்பெற்ற ஊர் கோவை. ஆனால் கடைசி வருட மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள். சரவணம்பட்டி ஐ.டி. கம்பெனிகளின் பெயரை வரிசையாகச் சொல்வார்கள். மாநகராட்சியில் பயிற்சி உண்டு என்பதைக் கேள்விப்பட்டவர்கள் அபூர்வம்.

அங்கே என்ன கற்க முடியும் என்கிறீர்களா? சிவில் படித்த ஒரு பெண்ணை ஒரு ஜே.இ.யோடு (இளநிலைப் பொறியாளர்) ஒரு மழைக்காலம் முழுக்க அனுப்புங்கள். லங்கா கார்னரில் ஏன் தண்ணீர் தேங்குகிறது, சங்கனூர்ப் பள்ளம் எங்கே குறுகுகிறது, பாதாளச் சாக்கடைக் குழாய்க்கு எந்தப் பக்கம் வாட்டம் என்பதெல்லாம் காலில் சேறு ஒட்டினால்தான் மனதில் ஒட்டும். எம்-புக் எழுதுவதை அவள் பார்ப்பாள். அந்த அளவுப் புத்தகத்தில் எழுதியதை அழிக்கக் கூடாது. தவறென்றால் கோடிட்டு அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் இட வேண்டும். அந்த அளவை வைத்துத்தான் காண்ட்ராக்டருக்குப் பணம் போகும். ஒரு எண்ணுக்குப் பின்னால் பொதுப்பணமும் ஒருவருடைய பொறுப்பும் நிற்கிறது என்பதை எந்த லேப் ரெக்கார்டும் அவளுக்குச் சொல்லித்தராது.

பி.காம். படித்தவருக்கும் இடம் உண்டு. தமிழ்நாட்டு நகராட்சிகள் இரட்டைப் பதிவுக் கணக்குக்கு மாறி இருபது வருடங்களுக்கு மேலாகிவிட்டன. சொத்துவரி நிலுவை, குடிநீர்க் கட்டணம், டெண்டர் வைப்புத்தொகை எல்லாம் அங்கே உயிருள்ள கணக்குகள்.

எல்லாவற்றையும்விட நான் பெரிதாக நினைப்பது வேறு. மனுவோடு வந்து நிற்கும் அம்மா, “ஏங்கண்ணு, எங்க வீதிக்குத் தண்ணி எப்பத்தான் வரும்?” என்று கேட்பார். அவருக்குப் புரியும்படி, பொய் வாக்குறுதி தராமல், அதட்டாமல் பதில் சொல்ல வேண்டும். அதே விஷயத்தை மேலதிகாரிக்கு அரைப் பக்கக் குறிப்பாகவும் எழுத வேண்டும். இந்த இரண்டும் கைவந்தவரை எந்த நிறுவனமும் திருப்பி அனுப்பாது.

இதற்கு இரண்டு காரியம் நடக்க வேண்டும். பயிற்சிக்கு வருபவரை ஜெராக்ஸ் எடுக்கவும் டீ வாங்கவும் அனுப்புவதானால் அந்தப் பிள்ளையின் காலம் பாழ். அதற்குப் பதில் ஆளுக்கு ஒரு வார்டு, ஒரு பிரச்சினை, வழிகாட்ட ஒரு அதிகாரி, முடிவில் பயிற்சி பெற்றவரின் பெயர் போட்ட ஓர் அறிக்கை என்று இருக்க வேண்டும். மாநகராட்சியில் நூறு வார்டுகள் இருக்கின்றன. வேலைக்குப் பஞ்சமே இல்லை.

இன்னொன்று பணம். எவ்வளவு உதவித்தொகை என்பதைத் திட்டம் உள்ளாட்சியின் முடிவுக்கே விட்டுவிட்டது. சம்பளமில்லாமல் ஆறு மாதம் உட்கார, அப்பா சம்பாத்தியத்தில் காலம் ஓட்டக்கூடியவரால்தான் முடியும். அன்னூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் விசைத்தறித் தொழிலாளியின் மகனால் முடியாது. ஊரின் கஷ்டத்தை உள்ளிருந்தே அறிந்த அவனைத்தான் நாம் இழப்போம். பஸ் செலவும் மதியச் சாப்பாடும் போக, வீட்டுக்கும் கொஞ்சம் கொடுக்கிற அளவாவது தொகை இருக்க வேண்டும். மாநகராட்சி பட்ஜெட்டில் அது பெரிய தொகையே அல்ல. கவுன்சிலர்கள் மன்றத்தில் கேட்கட்டும்.

எல்லோரும் மாநகராட்சி அலுவலகம் இருக்கும் டவுன்ஹாலுக்கே வர வேண்டும் என்பதுமில்லை. பொள்ளாச்சி, மேட்டுப்பாளையம், வால்பாறை நகராட்சிகளுக்கும் இந்தத் திட்டம் பொருந்தும். அந்தந்த ஊர்க் கல்லூரிகளின் பிளேஸ்மென்ட் அலுவலர்கள் இந்த வருடம் கம்பெனிகளுக்கு எழுதும் கடிதங்களோடு, தங்கள் நகராட்சி ஆணையாளருக்கும் ஒன்று எழுதிப் போடலாம்.