ஏறும்போது இல்ல, எறங்கும்போது

ஏப்ரல் வந்தால் நுவரெலியாவில் சீசன். மஹகஸ்தோட்டையில் 1930களிலிருந்து நடக்கிற மலையேற்றக் கார்ப் போட்டியும் அந்தச் சீசனோடு சேர்ந்ததுதான். யார் வேகமாக மேலே ஏறுகிறாரோ அவருக்குக் கப். இறங்குவதற்கு யாரும் கப் கொடுப்பதில்லை. அதனால்தானோ என்னவோ, எங்கள் ஊர்ப் பெடியன்களும் ஏறுவதை மட்டும்தான் ஓட்டம் என்று நினைக்கிறார்கள்.

போன சீசனில் எங்கள் கூட்டத்தில் ஒருவர் கொழும்பிலிருந்து ஒரு ஸ்போர்ட்ஸ் மொடல் ஒட்டோ கார் கொண்டுவந்தார். ஸ்டியரிங்குக்குப் பின்னால் கூட்டல், கழித்தல் என்று இரண்டு காது. கினிகத்தேனையிலிருந்து வட்டவளை, றொசல்ல வரைக்கும் அதைத் தட்டித் தட்டி எஞ்சினை அலறவிட்டுத்தான் வந்தோம். எங்களுக்கும் சந்தோசமாகத்தான் இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய். சாயந்தரம் திரும்பி இறங்கும்போது மழை, பனிமூட்டம். கியரை 'டி'யில் போட்டுவிட்டு ஒவ்வொரு வளைவிலும் பிரேக். கொஞ்ச தூரத்தில் உள்ளே கருகின வாசம். பிரேக்கை மிதித்தால் கால் வழக்கத்தைவிட ஆழமாகப் போனது. ஓரங்கட்டி அரை மணித்தியாலம் நின்றோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த அரை மணித்தியாலம் யாரும் பேசவும் இல்லை.

நாங்கள் செய்த பிழை சின்னதுதான். ஏறும்போது விளையாடின அந்தக் 'கழித்தல்' காதை, தேவைப்பட்ட நேரத்தில் மறந்துவிட்டோம்.

'டி'யில் இருக்கும்போது காலை எடுத்தால், கார் பொதுவாகப் பெரிய கியருக்குப் போகத்தான் பார்க்கும். சம தரையில் அது பெற்றோலுக்கு நல்லது. இறக்கத்தில் எஞ்சின் வண்டியைப் பிடிக்காமல் விட்டுவிடும். முழுப் பாரமும் பிரேக்கின் தலையில் விழும். பிரேக் சூடாகி, பேட் பிடிப்பை இழக்கும். பிரேக் ஒயில் கொதித்தால் குழாயில் ஆவி நிறையும், பிறகு மிதித்தாலும் பலனில்லை. அந்த ஒயில் காற்றிலுள்ள ஈரத்தையும் உறிஞ்சும். புதிய டொட் 3 ஒயில் குறைந்தது 205 பாகை வரை தாங்க வேண்டும் என்பது தரம். ஈரம் ஏறினதற்கு அதே தரம் 140 பாகைதான். வருசக் கணக்கில் ஒயில் மாற்றாமல் ஓடுகிற வண்டிகள் நம் பக்கம் எத்தனை என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

மெனுவலில் மூன்றிலோ இரண்டிலோ போட்டால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பிரேக் வளைவுக்கு மட்டும் போதும். லொறி ஓட்டுகிற மாமாமார் காலம் காலமாகச் சொல்வதும் இதைத்தான்: "ஏறின கியர்லயே எறங்கு தம்பி."

"எஞ்சின் அலறுதே, பெற்றோல் குடிக்காதா?" என்று கேட்பார்கள். குடிக்காது. இன்றைய கார்களில் கியரில் இருந்துகொண்டு காலை எடுத்தால் பெற்றோல் போவதே நின்றுவிடும். நியூட்ரலில் உருட்டினால்தான் எஞ்சின் அணையாமல் இருக்கக் கொஞ்சம் பெற்றோல் குடிக்கும். மிச்சம் பிடிக்கிறோம் என்று நியூட்ரலில் இறங்குகிறவர்கள் பெற்றோலையும் மிச்சம் பிடிக்கவில்லை, உயிரையும் பணயம் வைக்கிறார்கள். கியரைப் பிழையாகக் குறைத்தால் எஞ்சின் உடைந்துவிடுமோ என்ற பயமும் வேண்டாம். வேகம் அதிகமென்றால் கார் அந்தக் கியரை ஏற்காது.

கவனிக்கவும் விடயங்கள் உண்டு. எஞ்சின் பிடிக்கும்போது பின்னால் சிவப்பு லைட் எரியாது, அதனால் பிரேக்கை லேசாகத் தொட்டுக் காட்ட வேண்டும். ஈர ரோட்டில் ஒரேயடியாகக் குறைக்காமல் ஒவ்வொரு கியராகக் குறைக்க வேண்டும். காது இல்லாத கார் என்றால் கவலையில்லை. 'எல்' இருக்கும், 'எஸ்' இருக்கும், டொயோட்டா ஹைபிரிட்டில் 'பி' இருக்கும். வேலை ஒன்றுதான்.

2023 ஜனவரி 20ஆம் திகதியை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. நானுஓயா, ரதெல்ல குறுக்கு வீதியில், சுற்றுலா வந்த பாடசாலைப் பிள்ளைகளின் பஸ் ஒரு வேனிலும் முச்சக்கரவண்டியிலும் மோதி 7 பேர் இறந்தார்கள். பிரேக் பிடிக்கவில்லை என்றுதான் அப்போது செய்தி வந்தது. பஸ் வேறு, ஒட்டோ கார் வேறு, தெரியும். ஆனால் இறக்கம் ஒன்றுதான். அதில் எதிரே வருகிறவர்களும் நம் சனம்தான்.

எங்கள் ரோட்டோரம் வெறும் காட்சி இல்லை. கொழுந்து நிறுத்துவிட்டு வருகிற அம்மாமார், ஸ்கூல் விட்டு நடக்கிற பிள்ளைகள், லயத்து வாசல் எல்லாம் அந்த வெள்ளைக் கோட்டுக்குப் பக்கத்தில்தான். பிரேக் போனால் கார்க்காரனுக்கு பெல்ட் உண்டு, எயார்பேக் உண்டு. நடக்கிறவர்களுக்கு என்ன இருக்கிறது?

ஆகவே நாங்கள் கேட்பது இரண்டு. மலைநாட்டில் சாரதிப் பயிற்சி கொடுப்பவர்கள் ஒட்டோ கார் பழக வருகிறவருக்கு, குறைந்த கியரில் ஒரு தடவையாவது இறங்கிக் காட்டட்டும். சீசனுக்கு மேலே வருகிற தம்பிமாரே, ஏறும்போது காதைத் தட்டி விளையாடாதீர்கள் என்று நாங்கள் சொன்னாலும் கேட்கமாட்டீர்கள். எறங்கும்போதாவது தட்டுங்கள்.