கல்வி வழிகாட்டி: லயத்துப் பிள்ளையும் மருத்துவ பீடமும்



அண்மையில் மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றுக்குப் போயிருந்தேன். பின்னேரம் கொழுந்து நிறுத்துவிட்டு வந்த ஒரு தாய், கூடையை இறக்கி வைத்த கையோடு என்னைத் தேடி வந்தார். கையில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள்ளே மகளின் சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு. கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் 'ஏ' சித்தி. தோட்டப் பாடசாலையில் படித்த பிள்ளை. பெறுபேற்றைப் பார்த்த எனக்கு மகிழ்ச்சி. தாயின் முகத்திலோ மகிழ்ச்சியைவிடப் பயமே அதிகமாக இருந்தது.

அந்தச் சகோதரியின் கதை உங்களில் பலருக்குப் புதிதல்ல. 1977ஆம் ஆண்டுக் கலவரத்தில் அவருடைய பெற்றோர் இதே தோட்டத்தை விட்டுக் கிளிநொச்சிக்குப் போனார்கள். காடு வெட்டிக் குடியேறினார்கள். இவர் அங்கேதான் பிறந்தார், அங்கேதான் மணம் முடித்தார். 2009இல் கணவரை இழந்து, மாதக் குழந்தையோடு செட்டிகுளம் முகாமுக்கு வந்தார். பிறகு, போக வேறிடம் இல்லாமல், அண்ணனுடைய லயத்து அறைக்குத் திரும்பினார். பெற்றோர் விட்டுப்போன லயத்துக்கே மகள் வந்து சேர்ந்தது அப்படித்தான்.

பிள்ளை டொக்டராக வேண்டும் என்கிறாள். அதற்கு ஒரு காரணமும் சொன்னாள். அம்மம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது, அவருக்கு எங்கே நோகிறது என்று டொக்டருக்குச் சொல்ல யாருமில்லை. பத்து வயதான இவள்தான் தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் சொன்னாளாம். "நான் சரியாச் சொன்னேனான்னு இன்னமும் தெரியல டீச்சர்" என்றாள்.

தாயின் பயங்கள் மூன்று. அவற்றை அவர் சொன்ன ஒழுங்கிலேயே எடுத்துக்கொள்கிறேன். உங்கள் வீட்டிலும் இவை இருக்கலாம்.

முதலாவது பயம்: "இவ பொறந்தது கிளிநொச்சியில. பதுளைக் கோட்டா கெடைக்காதுன்னு சொல்றாங்க. அப்படியாங்க டீச்சரம்மா?"

இல்லை. பல்கலைக்கழக அனுமதிக்கு மாவட்டம் தீர்மானிக்கப்படுவது பிறந்த இடத்தைக் கொண்டல்ல, படித்த பாடசாலையைக் கொண்டே. உயர்தரப் பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகள் பிள்ளை எந்த மாவட்டத்துப் பாடசாலையில் படித்தாள் என்பதையே முக்கியமாகப் பார்ப்பார்கள். இந்தப் பிள்ளை முதலாம் ஆண்டிலிருந்து பதுளை மாவட்டத்தில்தான் படிக்கிறாள். ஆகவே உயர்தரத்தையும் இங்கேயே படித்தால் அவள் பதுளை மாவட்டப் பிள்ளைதான். பிறப்புச் சான்றிதழில் எந்த ஊர் இருந்தாலும் அது தடையல்ல.

மாவட்டம் ஏன் இவ்வளவு முக்கியம்? மருத்துவ பீடத்துக்கான இடங்களில் ஏறத்தாழ 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் கொடுக்கப்படுகிறது. 55 வீதம் 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகைப்படி பகிரப்படுகிறது. மிகுதி 5 வீதம் கல்வியில் பின்தங்கியவையாகக் கணிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகச் சேர்கிறது. பதுளையும் மொனராகலையும் அந்தப் பதினாறில் உள்ளன. நுவரெலியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா, மட்டக்களப்பு முதலியனவும் உள்ளன.

ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. பதுளை மாவட்டத்துக்கு ஒதுக்கிய இடம், தோட்டத்துக்கென்று ஒதுக்கிய இடமல்ல. ஆய்வுகூடமும் ஆசிரியரும் உள்ள நகரப் பாடசாலைப் பிள்ளையும், லயத்தில் மண்ணெண்ணெய் விளக்கில் படித்த பிள்ளையும் அதே இடங்களுக்குத்தான் போட்டியிடுகிறார்கள். மாவட்ட ஒதுக்கீடு கதவைக் கொஞ்சம் திறந்து வைக்கிறது. உள்ளே போவதற்குப் படிப்பு வேண்டும்.

இரண்டாவது பயம்: "ஊர்ல சயன்ஸ் படிப்பிக்க ஆளில்ல. யாழ்ப்பாணத்துல இவங்க அத்தை இருக்காங்க. அங்க அனுப்பிப் படிக்க வச்சா நல்லதுன்னு சொல்றாங்க. அனுப்பட்டுமா?"

இதில்தான் நன்றாக யோசிக்க வேண்டும். உயர்தரப் படிப்பு இரண்டு வருடம். அந்த இரண்டு வருடமும் வேறு மாவட்டத்தில் கழிந்தால், மூன்று வருடக் கணக்கில் பதுளை உரிமை கைநழுவிப் போகக்கூடும். நல்ல வகுப்பு கிடைக்கும் என்று போய், பிறகு வேறொரு மாவட்டத்தின் போட்டியில் நிற்க வேண்டி வரும். போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அத்தை வீட்டில் பிள்ளைக்குப் பாதுகாப்பும் படிப்பும் உறுதியென்றால் அதுவும் ஒரு வழிதான். ஆனால் விடுகைப் பத்திரம் எடுப்பதற்கு முன்பே பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒவ்வொரு ஆண்டும் வெளியிடும் அனுமதிக் கைநூலில் மாவட்டம் பற்றிய பகுதியை அதிபரோடு இருந்து வாசியுங்கள். கைநூல் தமிழிலும் கிடைக்கிறது.

பதுளை மாவட்டத்துக்குள்ளேயே வழி இல்லையா? உண்டு. பதுளை நகரில் சரஸ்வதி கல்லூரி, தமிழ் மகளிர் பாடசாலை, பண்டாரவளையிலும் பசறையிலும் பெரிய தமிழ்ப் பாடசாலைகள் இருக்கின்றன. உயிரியல் விஞ்ஞானப் பிரிவு உண்டா, பௌதிகவியலுக்கும் இரசாயனவியலுக்கும் இப்போது ஆசிரியர் இருக்கிறாரா என்பதை நேரே போய்க் கேளுங்கள். சேர்வதற்குச் சாதாரண தரத்தில் தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடங்களில் சித்தியும், மூன்றில் திறமைச் சித்தியும் வேண்டும். விஞ்ஞானப் பிரிவுக்கு விஞ்ஞானப் பாடத்தில் நல்ல சித்தி தேவை. நம் பிள்ளைக்கு இதெல்லாம் உண்டு.

சரி, சேர்ந்த பிறகு என்ன வேண்டும்? மருத்துவத்துக்கு மூன்று பாடங்கள்: உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல். மூன்றிலும் ஒரே தடவையில் சித்தியடைய வேண்டும். பொதுச் சாதாரண பரீட்சையில் குறைந்தது 30 புள்ளி எடுக்க வேண்டும். இதைச் சிறிதாக எண்ணி விட்டுவிடக் கூடாது. உயர்தரத்துக்கு மூன்று தடவை தோற்றலாம். முதல் தடவை தவறினால் எல்லாம் முடிந்தது என்று பிள்ளையைக் கொழும்புக்கு வேலைக்கு அனுப்பிவிடாதீர்கள்.

அடுத்தது இசட் புள்ளி. 2001ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ள இந்த முறை தாய்மாரைக் குழப்புகிறது. உதாரணமாகப் பார்ப்போம். பௌதிகவியலில் எழுதிய எல்லோரினதும் சராசரி 40, புள்ளிகளின் பரவல் 15 என்று வைப்போம். நம் பிள்ளை 70 எடுத்தால் சராசரியைவிட 30 அதிகம். முப்பதைப் பதினைந்தால் பிரித்தால் இசட் புள்ளி 2. இன்னொரு பாடத்தில் சராசரி 50, பரவல் 20. அங்கும் பிள்ளை 70 எடுத்தால் இருபதை இருபதால் பிரிக்க வருவது 1தான். அதே எழுபது, ஆனால் பெறுமதி வேறு. கடினமான பாடத்தில் மற்றவர்களை முந்துவது பெரிய பலம். மூன்று பாடங்களின் இசட் புள்ளிகளின் சராசரியைத்தான் மாவட்ட வெட்டுப்புள்ளியோடு ஒப்பிடுவார்கள். அதனால்தான் மூன்று 'ஏ' எடுத்த பிள்ளைக்கும் சிலவேளை இடம் கிடைக்காமல் போகிறது. வெட்டுப்புள்ளி ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

மூன்றாவது பயம்: "மாமன் கார்மெண்டுக்கு அனுப்பச் சொல்றாரு. அஞ்சு வருசம் டொக்டர் படிப்புக்குக் காசுக்கு எங்கங்க போறது?"

தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021இல் ஆயிரம் ரூபா, 2024இல் 1,350 ரூபா என்று நிர்ணயிக்கப்பட்டது. அதில் எத்தனை வயிறு நிரம்ப வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். ஆகையால் மாமன் கெட்டவரல்ல. அவர் கணக்குப் பார்க்கிறார். அந்தக் கணக்கை நாமும் சரியாகப் பார்ப்போம்.

அரச பல்கலைக்கழகங்களில் முதல் பட்டத்துக்குக் கட்டணம் இல்லை. மருத்துவமும் அப்படியே. கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம், மட்டக்களப்பிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகம் என்று பல இடங்களில் மருத்துவ பீடம் உண்டு. வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மகாபொல புலமைப்பரிசிலோ உதவுதொகையோ கிடைக்கும். படிப்பு ஐந்து வருடம். பிறகு ஒரு வருடம் ஆஸ்பத்திரியில் உள்ளகப் பயிற்சி. அந்த ஒரு வருடத்துக்குச் சம்பளம் உண்டு. அதன்பின் இலங்கை மருத்துவ சபையில் முழுப் பதிவு. ஆகவே பெரிய செலவு பல்கலைக்கழகத்தில் அல்ல, அதற்கு முந்திய இரண்டு வருடத்தில்தான்: நகரத்தில் தங்குமிடம், பஸ் காசு, பிரத்தியேக வகுப்பு. உதவி கேட்பதாக இருந்தால் இந்த இரண்டு வருடத்துக்குக் கேளுங்கள். தோட்டத்துச் சங்கம், கோயில், பழைய மாணவர், வெளிநாட்டில் இருக்கும் உறவு, யாராயிருந்தாலும், 'இரண்டு வருடம்' என்று எல்லை சொல்லிக் கேட்டால் கொடுப்பவர்களுக்கும் இலகு.

காசு இருக்கும் இடத்தில் ஏமாற்றமும் இருக்கும். 'உயர்தரத்தில் குறைந்தாலும் பரவாயில்லை, வெளிநாட்டில் டொக்டர் ஆக்கித் தருகிறோம்' என்று வரும் முகவர்களிடம் நகையை அடகு வைத்துக் கொடுத்துவிடாதீர்கள். அந்தப் பல்கலைக்கழகத்தை இலங்கை மருத்துவ சபை ஏற்கிறதா, பிள்ளையின் பெறுபேறு சபையின் ஆகக் குறைந்த தகைமைக்குப் போதுமா என்று சபையிடமே முதலில் கேளுங்கள். படித்துத் திரும்பினாலும் இங்கே ஒரு பரீட்சை சித்தியடையாமல் தொழில் செய்ய முடியாது. உள்நாட்டிலும் மாலபேயில் இருந்த தனியார் மருத்துவக் கல்லூரி பற்றிய வழக்கும் வேலைநிறுத்தமும் பல வருடம் இழுபட்டு, கடைசியில் அது 2018இல் மூடப்பட்டு மாணவர்கள் வேறு நிறுவனத்துக்கு மாற்றப்பட்டதை மறக்க முடியாது. காசு கட்டிய பெற்றோர் பட்ட பாடு கொஞ்சமல்ல.

பிள்ளைக்கும் ஒரு சொல். உயர்தரத்தைத் தமிழில் எழுதலாம். ஆனால் மருத்துவ பீடத்தில் படிப்பு ஆங்கிலத்தில். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்து, நூல்களையும் தமிழில் வெளியிட்டார். அந்த நாள் இப்போது இல்லை. ஆகவே இன்றிலிருந்தே தினம் ஒரு பக்கம் ஆங்கிலம் வாசிக்கப் பழகு மகளே. சிங்களத்தையும் விட்டுவிடாதே. அம்மம்மாவுக்காகப் பேசியது அரைகுறைச் சிங்களம் என்று வெட்கப்பட வேண்டாம். நாளை நோயாளியிடம் மூன்று மொழியிலும் பேசக்கூடிய டொக்டர் ஊவாவுக்கு வேண்டும்.

மருத்துவம் கிடைக்காவிட்டால்? உயிரியல் பிரிவு வீண்போகாது. தாதியியல், மருந்தாளர், ஆய்வுகூடத் தொழில்நுட்பம், கதிர்ப்படவியல் என்று பட்டப்படிப்புகள் உண்டு. யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் சித்த மருத்துவப் பட்டம் உண்டு. விண்ணப்பத்தில் மருத்துவத்தை மட்டும் எழுதிவிட்டு நிற்காமல் இவற்றையும் ஒழுங்காக நிரப்ப வேண்டும். பெறுபேறு வந்தபின் விண்ணப்பிக்கக் கிடைக்கும் காலம் சில வாரங்கள்தான். தவறவிட்டால் அந்த ஆண்டு போய்விடும்.

கடைசியாகக் கடதாசிகள். போரில் ஓடிய நமக்குக் கடதாசியின் பெறுமதி தெரியும். ஒருகாலத்தில் மலையகத்தில் பிரஜாவுரிமைக் கடதாசி இல்லாததால் எத்தனையோ குடும்பங்கள் நாடற்றவர்களாக நின்றன. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் அந்தக் குறை பெரும்பாலும் தீர்ந்தது. பிறப்புச் சான்றிதழ் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தில் பிரதி எடுக்கலாம். பதியப்படாமலே இருந்தால் காலங்கடந்த பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். தேசிய அடையாள அட்டை, ஒவ்வொரு பாடசாலையினதும் விடுகைப் பத்திரம், கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்று, வருமானச் சான்று, எல்லாவற்றிலும் பெயர் ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். பரீட்சை நெருங்கும்போது எழுத்துப் பிழை திருத்த ஓடுவது பெரிய தலையிடி.

அந்தத் தாயிடம் இவ்வளவையும் சொன்னேன். மாமனும் திண்ணையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் பேசவில்லை. நான் புறப்படும்போது, "டவுன் ஸ்கூலுக்கு என்னைக்குப் போகணும்?" என்று மட்டும் கேட்டார். அடுத்த திங்கட்கிழமை பெயர் போடாமல் தாயும் மாமனும் பிள்ளையைக் கூட்டிப் போயிருக்கிறார்கள். உயிரியல் வகுப்பில் இடம் கிடைத்திருக்கிறது. தங்குமிடம் இன்னும் சரிவரவில்லை. விடிய முன் முதல் பஸ்ஸில் போய், இருட்டிய பிறகு வருகிறாள். வெட்டுப்புள்ளி தாண்டுவாளா என்று என்னால் சொல்ல முடியாது. அவளாலும் சொல்ல முடியாது.

முகாமிலிருந்து வந்தபோதும் அந்தத் தாயின் கையில் ஒரு பொலித்தீன் பைதான் இருந்ததாம். அதில் குழந்தையின் கிளினிக் அட்டையும் கணவரின் ஒரு படமும். இப்போது அதே பையில்தான் மகளின் பெறுபேற்றையும் வைத்திருக்கிறார். சகோதரிகளே, உங்கள் வீட்டுப் பையையும் இன்று இரவு ஒருமுறை திறந்து பாருங்கள். பிள்ளைக்குத் தேவையான எந்தக் கடதாசி இல்லை என்று எழுதி வையுங்கள். வேலை அங்கேதான் தொடங்குகிறது.