மூத்தோரும் எழுத்துச் சட்டையும்

ஐம்பது வயதைக் கடந்த ஆடவர் ஒருவர், மார்பிலே படமும் எழுத்தும் பொறித்த ரீசேட்டை அணிந்து வீதியிற் செல்லலாமா என்னும் வினா, இக்காலத்தில் ஆசிரியர் ஓய்வறைகளிலும் வாசிகசாலைத் திண்ணைகளிலும் அடிக்கடி எழுகின்றது. பிள்ளைகள் தந்தையைப் பார்த்து நகைக்கின்றனர். மனைவியர் முகஞ் சுளிக்கின்றனர். ஒத்த வயதினர், 'இவருக்கு இளமை திரும்பிவிட்டதோ' எனத் தமக்குள் முணுமுணுக்கின்றனர். அணிந்தவரோ, 'இந்த வெயிலுக்கு இதனினும் இதமான உடை யாது?' என மறுத்து வினாவுகின்றார். உடை பற்றிய வழக்கு ஓர் இலக்கியப் பகுதிக்கு உரியதாகுமோ எனச் சிலர் ஐயுறலாம். சட்டையில் எழுத்து ஏறிய அன்றே அஃது எழுத்தை ஓம்புவோரின் ஆராய்ச்சிக்கும் உரியதாயிற்று என்பது எமது துணிபு.

முதற்கண் இவ்வுடையின் வரலாற்றை அறிதல் நன்று. கழுத்துப்பட்டியும் பொத்தானும் இன்றி, விரித்து வைத்தால் ஆங்கில நெடுங்கணக்கின் 'ரீ' என்னும் எழுத்தைப்போலத் தோன்றும் இச்சட்டை, பிறப்பால் ஓர் உள்ளாடையேயாம். அமெரிக்கக் கடற்படையினர் சீருடைக்குள்ளே அணியும் பருத்திப் பனியனாக அது 1913ஆம் ஆண்டளவில் வழக்குக்கு வந்தது. வெம்மை மிக்க இடங்களிலே உழைத்த மாலுமிகளும் தொழிலாளரும் மேற்சட்டையைக் களைந்துவிட்டு அதனுடனே நின்று வேலை செய்தனர். 1951இல் மார்லன் பிராண்டோவும், 1955இல் ஜேம்ஸ் டீனும் திரைப்படங்களில் அதனை மேலாடையாகவே அணிந்து தோன்ற, இளைஞர் உலகம் அதனைத் தனதாக்கிக்கொண்டது. அதற்குச் சிறிது முன்னரே அரசியலும் அதிற் புகுந்துவிட்டது. 1948ஆம் ஆண்டு அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலிலே வேட்பாளர் தோமஸ் டூவியின் பெயரைப் பொறித்த சட்டைகள் உலாவின. அத்தேர்தலில் டூவி தோற்று ட்ரூமன் வென்றார் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. சட்டை ஒன்று பேச, வாக்கு வேறு வழிச் செல்வதுமுண்டு.

இவ்வரலாற்றினின்றும் ஓர் உண்மை புலனாகின்றது. 1970ஆம் ஆண்டுகளிலே இச்சட்டையை அணிந்து இளைஞராய்த் திரிந்தோர் இன்று அறுபதையும் எழுபதையும் எட்டிவிட்டனர். அவர்களை நோக்கி, 'இளைஞரின் உடையை இரவல் வாங்கினீர்' எனக் கூறுதல் பொருந்தாது. பேரர் அணியுமுன்னரே பாட்டனார் அணிந்த உடை அது. உரிமை பற்றிய வழக்காயின் தீர்ப்பு மூத்தோர் பக்கமே சாயும்.

இனி, மதிப்புக் குறையும் என்பாரின் கூற்றை நோக்குவோம். 'ஆள் பாதி, ஆடை பாதி' என்னும் பழமொழியை அவர் எடுத்துக் காட்டுவர். அதனை யாமும் மறுக்கிலேம். ஆயின் மதிப்புக்குரிய ஆடை யாது என்பதில் ஒரு தலைமுறையின் தீர்ப்பை அடுத்த தலைமுறை மாற்றியே வந்திருக்கின்றது. கலாயோகி ஆனந்த குமாரசுவாமி 1905ஆம் ஆண்டிலே, நம் நாட்டவர் மேனாட்டு உடையைப் பூணுவதை இரவற் சிறகு சூடுதலாகக் கண்டித்து ஆங்கிலத்திற் பிரசுரம் ஒன்று வெளியிட்டார். அன்று கண்டனத்துக்கு உள்ளான காற்சட்டையும் கோட்டும் இன்று நம் மூத்தோரின் சபைக்குரிய உடையாகிவிட்டன. இஃது ஒருபுறமாக, நல்லூர்க் கந்தசுவாமி கோவிலிலே ஆடவர் மேலாடை களைந்தே உட்புகுவர். எண்பது வயது முதியவரின் திறந்த மார்பு அங்கே எவர் கண்ணையும் உறுத்துவதில்லை. அதே மார்புடன் அவர் பாடசாலைப் பரிசளிப்பு விழாவிலே தலைமை தாங்கப் புகின் அவை திகைக்கும். ஆகவே உடையின் தகுதியை வயது மாத்திரம் வரையறுப்பதில்லை. இடமும் காலமும் கூடியே வரையறுக்கின்றன.

உடலமைப்பைக் காரணங் காட்டுவோரின் கூற்றிற் சிறிது உண்மை உண்டு. நெய்த துணி தன் வடிவிலே நிற்கும். ரீசேட் தைக்கப்படும் பின்னற்றுணியோ இழுபட்டு, உடலின் வடிவைத் தான் எடுத்துக்கொள்ளும். வயிறு முன்வந்தவரின் மார்பிலே பொறித்த சிங்கம் விரிந்து பூசணிக்காய் ஆவதை யாவரும் கண்டிருப்பர். ஆயினும் இக்குறை இருபத்தைந்து வயதினர்க்கும் உண்டு; அளவிற் சற்றுப் பெரிதாகத் தெரிந்துகொண்டால் தீர்ந்துவிடும். அச்சுமை வெடித்து உதிர்ந்த சட்டையைத் தோட்ட வேலைக்கு ஒதுக்கிவிடலாம். இவை தையற்காரரும் இல்லத்தாரும் தீர்க்கத்தக்க சிறு வழக்குகள்.

இளமையுடையவராய்த் தோன்றும் பொருட்டே இதனை அணிவாரும் சிலர் உளர். அன்னார் புறநானூற்றிலே பிசிராந்தையாரை நினைத்தல் வேண்டும். ஆண்டு பல கடந்தும் தமக்கு நரை தோன்றாமைக்கு அப்புலவர் கூறிய காரணங்களுள் எண்ணெயும் இல்லை, உடையும் இல்லை. மாண்புடைய மனைவியும் மக்களும், கருத்தறிந்து நடக்கும் ஏவலரும், அல்லவை செய்யாத அரசனும், தம் ஊரில் வாழும் அடங்கிய சான்றோருமே அவருக்குக் காரணமாயினர். கவலையின்மை தந்த இளமை அது. பணங் கொடுத்து வாங்கும் பருத்தித் துணி அதனைத் தரமாட்டாது.

இனி, வழக்கின் உயிர்நிலைக்கு வருவோம். எழுத்தில்லாச் சட்டை உடலை மறைக்கும் அளவில் அமையும். எழுத்துள்ள சட்டையோ பேசும். அணிந்தவர் வாய்திறவாதிருப்பினும், எதிர்ப்பட்டோர் அனைவர்க்கும் அஃது ஒரு கூற்றைக் கூறிக்கொண்டே செல்லும். 1984ஆம் ஆண்டில், பிரித்தானியப் பிரதமர் மார்கிரெட் தட்சர் அளித்த வரவேற்புக்குச் சென்ற ஆடைக் கலைஞர் கத்தரின் ஹம்னெற், அமெரிக்க ஏவுகணைகளை மக்களிற் பெரும்பாலோர் விரும்பவில்லை என்னும் கருத்தைப் பேரெழுத்திற் பொறித்த சட்டையுடன் பிரதமரின் கையைப் பற்றினார். அவருடைய கொள்கையை ஏற்பினும் மறுப்பினும், தம் மார்பில் எழுதியதைத் தாமே பொறுப்பேற்று நின்றார் என்பதை மறுத்தல் இயலாது.

எழுத்தே இன்றி உடையாற் பேசிய பெரியாரும் உளர். காந்தியடிகள் மதுரையிலே அரையாடைக்கு மாறியது 1921ஆம் ஆண்டு செப்ரெம்பரில்; ஐம்பத்திரண்டு வயது நிறையச் சில நாட்களே இருந்த காலம் அது. 1927இல் யாழ்ப்பாணத்துக்கு வந்தபோதும், 1931இல் இலண்டன் அரண்மனையிலே ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரைக் கண்டபோதும் அக்கோலத்தை அவர் மாற்றினாரல்லர். இவ்வயதில் உடையை மாற்றலாமா என எண்ணியிருப்பின் அவ்வரலாறே பிறந்திராது. ஏழையின் உடையை அணிந்தவர் ஏழையின் பக்கம் நின்றார். உடை கூறியதை வாழ்வு மெய்ப்பித்தது.

முதுமைக்குரிய அளவுகோல் இங்கேயே கிடைக்கின்றது. இளைஞன் ஒருவன் பொருளறியாது ஒரு வாசகத்தைச் சூடித் திரியின், 'சிறுபிள்ளை' என உலகம் பொறுத்துக்கொள்ளும். மூத்தோர் சொல்லுக்கோ எடையுண்டு. வாக்குக் கொடுத்தால் காப்பவர், சொன்னால் பொருளோடு சொல்பவர் என்னும் நம்பிக்கையாலேயே அவர் மூத்தோராகின்றார். ஆகையால் மார்பில் எழுதியிருப்பதைத் தம் வாயாற் சொல்ல ஒருப்படுவாரா, அதனையும் இவ்விடத்திற் சொல்வாரா என்னும் இரு வினாக்களை அவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளல் வேண்டும். இரண்டிற்கும் 'ஆம்' என விடை வருமாயின், எண்பது வயதிலும் அச்சட்டையைத் தாராளமாக அணியலாம்.

இவ்வளவுகோலை வைத்துச் சிலவற்றை அளந்து பார்ப்போம். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையே 1904ஆம் ஆண்டு தொடங்கிய 'வடக்கின் பெருஞ்சமர்' என்னும் துடுப்பாட்டத்துக்குத் தலைநரைத்த பழைய மாணவர், தம் கல்லூரிச் சின்னம் பொறித்த சட்டையுடன் வருதல் அழகே. அவர் நெஞ்சிலுள்ளதே சட்டையிலும் இருக்கின்றது. அதே சட்டையை இழவு வீட்டுக்கு அணிந்து செல்வாராயின் ஆண்டுக் கூற்று மெய்யாயினும் இடம் பிழைத்துவிடும். வகுப்பறையும் அத்தகையதே; கரும்பலகையை நோக்குமுன் மாணவர் ஆசிரியரின் மார்பை வாசித்து முடித்துவிடுவர்.

வணிகப் பெயர்களைத் தாங்கிய சட்டைகளைப் பற்றி என் சொல்வது! பத்திரிகையில் விளம்பரஞ் செய்ய விழையும் வணிகர் பணங் கொடுத்தல் முறை. இங்கோ, அவ்வணிகரின் விளம்பரப் பலகையாய் நடப்பதற்கு அணிபவரே பணங் கொடுக்கின்றார். தேர்தற் காலத்தில் இலவசமாகக் கிடைக்கும் சட்டையும் உண்மையில் இலவசமன்று. ஒரு மூதாளரின் மார்பைச் சில மாதங்களுக்கு வாடகையின்றி எடுத்துக்கொள்ளும் தந்திரம் அது.

இவை அனைத்தினும் எம்மைக் கவலைக்குள்ளாக்குவது பிறிதொன்று. கடல்கடந்த உறவினர் அனுப்பும் பொதியிலோ, பழைய உடை விற்கும் கடையிலோ கிடைத்த சட்டையை, ஆங்கிலம் அறியாத முதியவர் ஒருவர் அணிந்து சந்தைக்குச் செல்கின்றார். அதிற் பொறித்திருப்பது ஓர் இழிந்த பகடி. படித்த இளைஞர் கூட்டம் அதனை வாசித்துத் தம்முட் கண்காட்டிச் சிரிக்கின்றது. முதியவரோ அச்சிரிப்பை மகிழ்ச்சி என்றெண்ணித் தாமும் முறுவலிக்கின்றார். அவர்பால் யாதொரு குற்றமுமில்லை. துணி கிழியவில்லை, வெளுத்து வைத்திருக்கின்றது, உடம்புக்கு இதமாய் உள்ளது என்பனவே அவர் கண்டவை. குற்றம் வாசித்தறிந்தும் வாளாவிருந்தோரையே சாரும். தனியே அழைத்து, 'ஐயா, இதிலுள்ள சொல் நல்லதன்று. வேறொன்றை அணியுங்கள்' எனப் பணிவுடன் கூறுதற்கு எத்துணை நேரம் வேண்டும்? கற்றவன் தன் கல்வியைக் கல்லாதவரின் மானத்தைக் காத்தற்குப் பயன்படுத்தாது, அதனைக் கண்டு நகுதற்குப் பயன்படுத்துவானாயின், அக்கல்வியை ஊட்டிய ஆசிரியராகிய நாமும் நாணுதற்குரியோம். பொதி அனுப்பும் பிள்ளைகளும், துணியின் தரத்தைப் பார்ப்பதுபோல அதிலுள்ள சொல்லின் தரத்தையும் ஒருமுறை பார்த்து அனுப்புவார்களாக.

நிறைவாக, மாணவர்க்கும் ஓவியங் கற்போர்க்கும் ஒரு வேண்டுகோள். 1978இல் கட்டுநாயக்காவிலே சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கிய பின், உலகம் அணியும் சட்டைகளைத் தைத்தல் இந்நாட்டின் பெருந்தொழில்களுள் ஒன்றாயிற்று. கையும் ஊசியும் நம்முடையன. மார்பிற் பொறிக்கும் சொல் மாத்திரம் பெரும்பாலும் பிறருடையது. வளைவும் சுழியும் நிறைந்த தமிழெழுத்து, சித்திரத்துக்கு இயல்பாகவே இசைவது. நம் மரங்களும் புட்களும் கடலும், நம் ஊர்ப்பெயர்களும் சட்டையில் ஏறலாகாதா? தமிழிற் பொறித்த சட்டைகள் இப்போது சிலவாகத் தோன்றி வருதல் மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் ஒற்று மிக்க இடத்தும் மிகா இடத்தும் பிழைமலிந்த வாசகத்தை மார்பிலே தாங்கி ஒருவர் வருங்கால், பண்டிதர் கை தானாகவே சிவப்பு மையைத் தேடும் என்பதையும் நினைவிற் கொள்க. அச்சிடுமுன் தமிழாசிரியர் ஒருவரிடம் காட்டினாற் செலவொன்றுமில்லை.

பொருளறிந்து, இடமறிந்து அணிவாராயின் எழுத்துச் சட்டை எந்த மூத்தவருக்கும் இழிவன்று. தந்தையார் அதனை அணிந்து புறப்படும்போது பிள்ளைகள் நகையாதிருப்பார்களாக. அதிலுள்ளது அவருக்குத் தெரியாத மொழியாயின், அதன் பொருளை முன்னரே அவருக்குச் சொல்லிவைப்பார்களாக.