போலீஸ் துப்பாக்கியும் மக்களின் உயிரும்

போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்ததும் சர்க்கார் வெளியிடும் அறிக்கை நம் வாசகர்களுக்கு மனப்பாடம். "கூட்டம் வன்முறையில் இறங்கியது, கல் வீசியது, போலீசார் பொறுமை காத்தனர், கடைசியில் வேறு வழியின்றித் தற்காப்புக்காகச் சுட்டனர்." ஊரின் பெயரும் மாண்டவர்களின் எண்ணிக்கையும்தான் மாறுகின்றன. வாசகம் மாறுவதில்லை.

எந்தச் சந்தர்ப்பத்தில் ஒரு போலீஸ்காரர் ஒரு மனிதனைச் சுட்டுக் கொல்வது நியாயம்? இந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும். ஆத்திரத்தில் மட்டும் பேசினால் அடுத்த துப்பாக்கிச் சூட்டைத் தடுக்க முடியாது.

ஒருபோதும் சுடவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. கையில் அரிவாளுடன் ஒருவன் ஒரு குழந்தையின் மீது பாய்கிறான், அவனைத் தடுக்க வேறு வழியே இல்லை என்றால், அங்கே சுடும் போலீஸ்காரர் தமது கடமையைத்தான் செய்கிறார். தம் உயிருக்கே கண்ணெதிரில் ஆபத்து வந்தாலும் அப்படியே. அந்தக் கான்ஸ்டபிளும் ஏழைக் குடியானவன் வீட்டுப் பிள்ளைதான். அவருடைய உயிர் மலிவானது என்று எந்தத் தொழிலாளியும் நினைக்க மாட்டான்.

ஆனால் இந்த உரிமை காக்கிச் சட்டையோடு சேர்த்துக் கொடுக்கப்பட்ட விசேஷ உரிமையல்ல. உயிருக்கு ஆபத்து வரும்போது தற்காத்துக்கொள்ளும் உரிமையை இந்திய தண்டனைச் சட்டத்தின் 100-வது பிரிவு பிரஜைகள் அனைவருக்கும் கொடுத்தது. 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த புதிய சட்டத்திலும் அது இருக்கிறது. வயலில் நிற்கும் விவசாயிக்கும் லாக்கப் வாசலில் நிற்கும் ஏட்டுக்கும் அளவு ஒன்றுதான்.

கைது செய்யும் அதிகாரத்துக்கும் எல்லை உண்டு. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றம் சாட்டப்படாத ஒருவரைக் கைது செய்யும்போது, அவருக்கு மரணம் விளைவிக்க உரிமையில்லை என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 46-வது பிரிவு கூறியது. புதிய சட்டமும் அதையே கூறுகிறது. கல் வீசியவனுக்கும் தடையை மீறி ஊர்வலம் போனவனுக்கும் எந்தக் கோர்ட்டும் தூக்குத் தண்டனை விதிக்க முடியாது. கோர்ட்டால் விதிக்க முடியாத தண்டனையைத் தெருவில் நிற்கும் துப்பாக்கி விதிக்கலாமா?

கூட்டத்தைக் கலைப்பதற்கும் முறை இருக்கிறது. முதலில் கலைந்து போகும்படி உத்தரவு. பிறகு எல்லோர் காதிலும் விழும்படி எச்சரிக்கை. பிறகு கண்ணீர்ப்புகை, தடியடி. இவையெல்லாம் பயனற்றுப்போய், உயிர்களுக்கே ஆபத்து என்ற நிலை வந்தால்தான் துப்பாக்கி. அதுவும் தேவைக்கு மேல் ஒரு குண்டுகூட அதிகமில்லாமல். 1990-ல் ஹவானாவில் கூடிய ஐக்கிய நாடுகள் மாநாடு ஏற்றுக்கொண்ட கோட்பாடுகளும் இதைத்தான் சொல்கின்றன. உயிரைக் காக்க முற்றிலும் தவிர்க்க முடியாதபோது மட்டுமே உயிரைப் பறிக்கும் நோக்குடன் சுடலாம்; காயம்பட்டவருக்கு உடனே வைத்திய உதவி கொடுக்க வேண்டும்.

இந்த அளவுகோலைத் தூத்துக்குடியில் வைத்துப் பாருங்கள். ஸ்டெர்லைட் தாமிர ஆலையின் விஷப்புகைக்கு எதிராக மக்கள் நடத்திய போராட்டத்தின் 100-வது நாள், 2018 மே 22. பெண்களும் பிள்ளைகளுமாக ஆயிரக்கணக்கானோர் கலெக்டர் ஆபீசை நோக்கி நடந்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் மாண்டார்கள். சுட உத்தரவிட்டவர்கள் துணைத் தாசில்தார்கள் என்று கணக்குச் சொல்லப்பட்டது. நீதிபதி அருணா ஜெகதீசன் கமிஷனின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டசபையில் வைக்கப்பட்டது. சுடுவதற்கான தூண்டுதல் இல்லை, ஓடிக்கொண்டிருந்தவர்கள் மீது மறைவிடங்களிலிருந்து சுட்டிருக்கிறார்கள் என்று அது கண்டது. 17 போலீசார் மீது நடவடிக்கை எடுக்கச் சிபாரிசு செய்தது. ஜில்லா நிர்வாகத்தின் அசட்டையையும் கண்டித்தது.

ஓடுகிறவனால் யாருக்கு ஆபத்து? முதுகில் பாய்ந்த குண்டு தற்காப்புக் குண்டு ஆகுமா?

இது புதிய கதையும் அல்ல. 1950 பிப்ரவரி 11-ம் தேதி சேலம் சிறையில் கம்யூனிஸ்டுக் கைதிகள் 22 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மதில் சுவருக்குள் பூட்டி வைக்கப்பட்ட மனிதர்கள் அவர்கள். கலைந்து போகச் சொன்னால்கூடப் போவதற்கு இடமில்லாதவர்கள்.

இனி, நம்மில் சிலரே தடுமாறும் விஷயத்துக்கு வருவோம். 2019 டிசம்பர் 6-ம் தேதி விடியற்காலையில், ஹைதராபாத் அருகே, ஓர் இளம் பெண் டாக்டரைக் கற்பழித்துக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட நான்கு பேரைப் போலீசார் சுட்டுக் கொன்றார்கள். துப்பாக்கியைப் பிடுங்கித் தாக்கினார்கள் என்றது போலீஸ். ஜனங்கள் போலீசார் மீது பூ தூவினார்கள். நம் ஊர் டீக்கடைகளிலும் "சரியான தீர்ப்பு" என்ற பேச்சு எழுந்தது. அந்தப் பெண்ணுக்கு இழைக்கப்பட்ட கொடுமை நெஞ்சைப் பிளப்பது. மக்களின் கோபம் நியாயமானது. ஆனால் பிறகு நடந்தது என்ன? சுப்ரீம் கோர்ட் நியமித்த சிர்புர்க்கர் கமிஷனின் அறிக்கை 2022-ல் வெளிவந்தது. கொல்லும் நோக்கத்துடனேயே சுட்டார்கள் என்றும், செத்தவர்களில் மூவர் 18 வயது நிரம்பாதவர்கள் என்றும் கமிஷன் கூறியது. சம்பந்தப்பட்ட 10 போலீசாரையும் கொலைக் குற்றத்துக்காக விசாரிக்கச் சிபாரிசு செய்தது. அந்த நால்வரும் குற்றவாளிகள்தானா, வேறு யாருக்கும் பங்கு உண்டா என்று இனி எந்தக் கோர்ட்டும் விசாரித்துச் சொல்ல வழியில்லை. அந்தப் பெண்ணின் குடும்பத்துக்குக் கிடைக்க வேண்டிய உண்மையையும் குண்டு புதைத்துவிட்டது.

தோழர்களே, கோர்ட்டுக்குப் போகாமல் ஒரு 'கெட்டவனை'ச் சுடலாம் என்று இன்று கைதட்டினால், நாளை அந்தக் 'கெட்டவன்' கூலி உயர்வு கேட்டவனாக இருப்பான், நிலத்தை விட்டுக் கொடுக்க மறுத்தவனாக இருப்பான். யார் கெட்டவன் என்று முடிவு செய்வது கைதட்டிய நாம் அல்ல.

"உங்கள் ஆட்சியில் சுடவில்லையா?" என்று நம் எதிரிகள் கேட்பார்கள். கேட்கட்டும். 1958 ஜூலையில், கேரளத்தில் கம்யூனிஸ்டு மந்திரிசபை இருந்தபோது, கொல்லத்தை அடுத்த சந்தனத்தோப்பில் போலீசார் சுட்டு இரண்டு தொழிலாளிகள் இறந்தார்கள். 2007 மார்ச் 14-ல் மேற்கு வங்கத்தில் இடதுசாரி ஆட்சியின்போது நந்திகிராமத்தில் 14 பேர் மாண்டார்கள். இவற்றை மறைத்துவிட்டுத் தூத்துக்குடியைப் பற்றி எழுத நமக்கு அருகதை கிடையாது. நம் சர்க்காரின் போலீஸ் சுட்டாலும் அளவுகோல் அதேதான். தாயின் கண்ணீருக்குக் கட்சி கிடையாது.

ஏன் இது திரும்பத் திரும்ப நடக்கிறது? 1857 எழுச்சிக்குப் பிறகு, குடிமக்களை அடக்கி ஆள்வதற்காக வெள்ளைக்காரன் 1861-ல் போட்ட போலீஸ் சட்டத்தின் மனோபாவம் இன்னும் சாகவில்லை என்பது ஒரு காரணம். கூட்டத்தைக் கலைக்கும்போது செய்த செயலுக்காகப் போலீசார் மீது வழக்குத் தொடர சர்க்காரின் முன் அனுமதி வேண்டும் என்று சட்டமே வேலி கட்டியிருப்பது இன்னொரு காரணம். சுட்டது சர்க்காரின் போலீஸ். அனுமதி தர வேண்டியதும் அதே சர்க்கார். போலீசார் மீதான புகார்களை விசாரிக்கச் சுயேச்சையான அமைப்பு வேண்டும் என்று 2006-ல் பிரகாஷ் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. 2013-ல் தமிழ்நாட்டில் இயற்றிய சட்டமோ உள்துறைச் செயலாளரையே அதற்குத் தலைவராக்கியது. வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் முறையிடுவது?

எனவே நாம் கோருவது இவை:

முதலாவதாக, போலீஸ் குண்டுக்கு உயிர் பலியான ஒவ்வொரு சம்பவத்திலும் உடனே வழக்குப் பதிவு செய்து, சம்பந்தமில்லாத சுயேச்சையான பிரிவு புலன் விசாரணை நடத்த வேண்டும். சுப்ரீம் கோர்ட் 2014-ல் வகுத்த 16 நெறிமுறைகளில் இது அடங்கியிருக்கிறது. சந்தேகத்துக்கு இடமின்றி உண்மை தெரியும்வரை சுட்டவர்களுக்குப் பதக்கம் கூடாது என்பதும் அவற்றில் ஒன்று. அவை ஏட்டளவில் நிற்கக் கூடாது.

இரண்டாவதாக, வழக்குத் தொடர சர்க்கார் அனுமதி வேண்டும் என்ற விதி, உயிர் போன சம்பவங்களிலாவது நீக்கப்பட வேண்டும்.

மூன்றாவதாக, கமிஷன் அறிக்கைகளின் மீது கெடு வைத்து நடவடிக்கை எடுக்க வேண்டும். கான்ஸ்டபிளோடு நிறுத்தாமல் உத்தரவிட்ட மேலதிகாரியையும் கூண்டில் ஏற்ற வேண்டும்.

நஷ்ட ஈடு கொடுப்பதோடு கணக்குத் தீர்ந்துவிடாது. கலெக்டர் ஆபீசுக்கு மனுக் கொடுக்கப் புறப்பட்டவன் பிணமாக வீடு திரும்பினால், அதற்குப் பொறுப்பாளி யார் என்று பெயர் சொல்லிப் பதில் தர வேண்டும். அந்தப் பதில் வரும்வரை சங்கங்களிலும் கிராமங்களிலும் இந்தக் கோரிக்கைகளை எழுப்பிக்கொண்டே இருப்போம்.