செம்பு விஷமாகும் நோய்: மாத்திரையை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து!

இலஞ்சி,

செம்புப் பானைத் தண்ணீர் உடம்புக்கு நல்லது என்று ஊரே சொல்கிறது. சிற்றாறு போய்ச் சேருகிற ஆற்றுக்குப் பெயரே தாமிரபரணி!

ஆனால் அதே செம்பு சிலருக்கு விஷம். அந்த வியாதிக்கு "வில்சன் நோய்" என்று பெயர். 1912-ல் லண்டன் டாக்டர் வில்சன் இதை விவரமாக எழுதினார்.

சாப்பாட்டில் வரும் செம்பில் மிஞ்சியதைக் கல்லீரல் பித்தத்தோடு வெளியே தள்ள வேண்டும். இவர்களுக்கு அது நடப்பதில்லை. ஈரலிலும் மூளையிலும் செம்பு தேங்குகிறது. மஞ்சள் காமாலை வரும். கை நடுங்கும். பேச்சுக் குழறும். கருவிழி ஓரத்தில் பழுப்பு வளையம் விழும்.

பேய் பிடித்தது என்று மந்திரிக்கவும், காமாலை என்று பச்சிலைக்கும் அலைந்தால் நாள்தான் வீணாகும்.

சொந்தத்தில் கல்யாணம்

தாய், தகப்பன் இருவரிடமும் குறையுள்ள மரபணு இருந்தால்தான் பிள்ளைக்கு வரும். மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்திலேயே கட்டும் நம் பக்கத்தில் ஆபத்து கூடுதல். ஒரு பிள்ளைக்கு இருந்தால், கூடப் பிறந்த ஒவ்வொருவருக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. எல்லோரையும் சோதிக்க வேண்டும்.

மூன்று மருந்து

1956-ல் இங்கிலாந்து டாக்டர் ஜான் வால்ஷ், பெனிசிலமின் மருந்தைக் கொண்டு வந்தார். செம்பைச் சிறுநீரில் இழுத்துத் தள்ளும். ஆனால் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. சிறுநீரகம் கெடும், நடுக்கம் அதிகமாகும்.

அவர்களுக்கு அதே வால்ஷ் கண்ட மாற்று, டிரையன்டின். விலைதான் இடிக்கிறது. அமெரிக்காவில் 2010-ல் சுமார் 650 டாலருக்கு விற்ற 100 மாத்திரையை, 2015-ல் 21 ஆயிரம் டாலருக்கு மேல் ஏற்றியது வேலியன்ட் கம்பெனி. இது வியாபாரமா, கொள்ளையா?

மூன்றாவது, துத்தநாகம். குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு என்றால் தருகிறார்களே, அதே சரக்கு, அளவுதான் வேறு. செம்பைக் குடலிலேயே மறிக்கும். விலை மலிவு. நோய்க்குறி தெரியாதவர்களுக்கும், செம்பு இறங்கிய பிறகு தொடர்ந்து சாப்பிடவும் ஏற்றது. 1997-ல் அமெரிக்க அரசும் அனுமதித்தது. ஆனால் நோய் முற்றியவருக்கு இது மட்டும் போதாது. எது, எவ்வளவு என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

"சரியாயிட்டே, இனி மாத்திரை எதுக்கு?" என்று நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து. ஈரல் திடீரென்று செயலிழக்கும். ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும்.

அரசு செய்யுமா?

மாதம் தவறாமல் மாத்திரை வேண்டியவர், அதற்காக வேலூருக்கும் சென்னைக்கும் பஸ் ஏறினால் கூலி வேலை என்னாவது? மூன்று மருந்தும் தென்காசி அரசு ஆஸ்பத்திரியிலேயே இலவசமாகக் கிடைக்க வேண்டும். ஒரு நாள்கூட "ஸ்டாக் இல்லை" என்று திருப்பி அனுப்பக் கூடாது.

கல்லீரல் மாற்று ஆபரேஷனுக்கு லட்சக்கணக்கில் செலவழிப்பதைவிட, மாத்திரை கொடுப்பது அரசுக்கும் லாபந்தானே!