சுவரில் ஒட்டிய பாஸ்வேர்ட் பூட்டாகுமா?

திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் சில விடுதிகளில் வைஃபை பாஸ்வேர்டைச் சுவரிலேயே ஒட்டி வைக்கிறார்கள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஆட்கள் மாறுகிறார்கள், பாஸ்வேர்ட் மாறுவதில்லை. இது பூட்டாத வைஃபைக்குச் சமம் என்பேன்.

2008 ஜூலை 26 அன்று அகமதாபாத் குண்டுவெடிப்புகளுக்குச் சற்றுமுன் வந்த மிரட்டல் இமெயில், நவிமும்பையில் ஒருவர் வீட்டின் பூட்டாத வைஃபை வழியே அனுப்பப்பட்டது. ஐ.பி. முகவரியைப் பிடித்துக்கொண்டு போலீசார் போய் நின்றது அவர் வீட்டு வாசலில்தான்!

விடுதிக்காரர்களே, விருந்தினருக்கு ரௌட்டரில் ‘கெஸ்ட் நெட்வொர்க்’ தனியாகக் கொடுங்கள். பில் போடும் கம்ப்யூட்டர் அதில் இருக்கக் கூடாது. பாஸ்வேர்டை அடிக்கடி மாற்றுங்கள். 2001-லேயே பலவீனம் வெளிப்பட்ட ‘வெப்’ முறை வேண்டாம். குறைந்தது டபிள்யூபிஏ2 வையுங்கள். ஸ்விட்சில் காலியாக உள்ள போர்ட்டுகளை முடக்கிவிடுங்கள். வயர் வழியாகவும் திருடன் வரலாம்.